கடல் பார்க்கப் போன நாள்

அம்மாவின் தம்பிக்கு மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. இருந்தது என்று சொல்லலாம். திறந்திருந்தது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. திடீரென்று ஒருநாள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, கேமராவும் பையுமாக பைக்கில் ஏறிப் போய்விடுவார். ஹம்பியிலிருந்தோ, அதற்கும் வடக்கே பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரிலிருந்தோ கறுத்து மெலிந்து திரும்பி வருவார். அதற்குள் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் தென்காசிக்கு பஸ் ஏறியிருப்பார்கள். "அவனுக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்பாள் அம்மா. அவருக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்களும் அதையேதான் கொஞ்சம் காரமாகச் சொன்னார்கள்.

ஊரில் இருக்கும் நாட்களில் கல்யாண வீடு, சடங்கு வீடு, துட்டி வீடு என்று எதற்கும் மறுக்காமல் போவார். துட்டி வீட்டில், இறந்துபோனவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பேரன் பேத்திகள் சுற்றி நிற்க ஒரு படம் கேட்பார்கள். அதையும் எடுத்துக் கொடுப்பார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாலும் போயாக வேண்டும். அது எதற்கென்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர்களுக்கும் படம் எடுத்துக்கொள்ள ஆசை இருக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

ஸ்டுடியோச் சுவர் முழுக்க அவர் வெளியூரில் எடுத்த படங்கள். பனி மூடிய மலை, மணல் மேடு, நீண்டு கிடக்கும் ரோடு. ஒன்றிலாவது ஒரு மனிதர் இருக்க மாட்டார். அவற்றில் ஒன்று கடல். எனக்குப் பத்து வயதாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. அருவிக்கரையில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு என்று அப்பா கேட்டார். மாமா மட்டும் அப்படிக் கேட்கவில்லை.

"கொல்லத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். காலையில போனா பொழுது சாயத் திரும்பிரலாம்."

"மழையில எங்கலே கூட்டிட்டுப் போவ?" என்றாள் அம்மா.

"மழைன்னு பாத்தா ஆனி ஆடி ரெண்டு மாசமும் வீட்டுக்குள்ளதான் கெடக்கணும்க்கா."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில், புதுச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மாமாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி புறப்பட்டேன். செங்கோட்டை தாண்டும்வரை சாரல்தான். புளியரை வளைவுகளில் ஏறும்போது மேகம் கீழே இறங்கி எதிரே வரும் லாரிகளை மறைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கடல்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

வண்டியை ஓரங்கட்டிப் பேசினார். "சொல்லுங்க ஏட்டையா" என்றார். பிறகு, "வேற ஆள் யாரும் இல்லையா?" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டார். வண்டியைத் திருப்பினார்.

குற்றாலம் வரும்வரை நான் அழுதேன். மாமா சமாதானம் சொல்லவில்லை. மலையில் திடீரென்று வெள்ளம் வந்து ஓர் அருவியில் குளிக்கவிடாமல் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியோடு ஜனங்கள் எதிரே வந்தார்கள். ரம்புட்டான் பழம் விற்றுக்கொண்டிருந்த, அவருக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் என்னை விட்டுவிட்டு, கேமராப் பையை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

"அழாதட்டி. மாமா இப்ப வந்துருவாரு. இங்கனயே இரி" என்று அந்த அக்கா பழம் உரித்துக் கொடுத்தாள். பக்கத்துக் கடைக்காரரிடம் என்னவோ கேட்டாள். அவர் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் உட்காரும் வயசா எனக்கு? கூச்சமாக இருந்தது.

என்ன நடந்தது என்பதை, நான் காலேஜ் முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். வெளியூரிலிருந்து குளிக்க வந்த குடும்பம். வெள்ளம் பாய்ந்தபோது அப்பாவின் கையிலிருந்து நழுவிய பிள்ளையைக் கீழே பாறை இடுக்கில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் பத்து வயது. கேஸுக்குப் படம் வேண்டும் என்றுதான் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பன், படம் எடுத்து முடிக்கும்வரை பிள்ளையின் கையை விடவே இல்லையாம்.

வெகுநேரம் கழித்து மாமா வந்தார். குழாயடியில் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இப்பக் கடலுக்குப் போவோமா மாமா?" என்று கேட்டேன்.

வீட்டுக்குத்தான் கூட்டிப் போவார் என்று நினைத்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "போவோம்" என்றார்.

அந்த மழையிலும் போனோம். வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தார், அவர் சாப்பிடவில்லை. கொல்லத்தில் கடல், ஸ்டுடியோச் சுவரில் இருந்த படம் மாதிரி நீலமாக இல்லை. சாம்பல் கரைத்த தண்ணீர் போலக் கிடந்தது. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடப் பார்த்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கால மட்டும் நனைச்சுக்கிடுதேன் மாமா."

"வேண்டாம். இங்கன இருந்தே பாரு."

"எல்லாப் பிள்ளைகளும் நிக்குதே!"

"சொன்னாக் கேளு."

இழுத்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு, தண்ணீருக்கு எட்டாத மணலில் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கடலைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் தலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வலுத்ததும் திரும்பிவிட்டோம்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக அம்மாவிடம் போய்க் குற்றப்பத்திரிகை வாசித்தேன். கால் நனைக்க விடவில்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லை. வழியில் போலீஸ்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். சாட்சிக்குக் கையை நீட்டினேன். மணிக்கட்டில் விரல் பதிந்த இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"ஏலே, பச்சப்புள்ள கைய இப்படியா பிடிக்கது?" என்றாள் அம்மா.

மாமா பைக்கிலிருந்து இறங்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டா என்னக்கா செய்ய?" என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பைக் தெருமுனை திரும்பிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஸ்டுடியோ திறக்கவில்லை.

அன்றைக்கு அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, என் வழக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொன்னேன்.

"அலை ஒண்ணும் பெருசா இல்லம்மா. சின்ன அலைதான்."