தொப்பி இல்லாமல் வந்த ஏட்டு

புதுச்சேரியில் எங்கள் முதுகலை வகுப்பு சனி, ஞாயிறுகளில் மட்டும் நடந்தது. பாடம் சமூகவியலும் குற்றவியல் நீதியும். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இளவட்டங்களுக்கு நடுவே, முதல் வரிசையில், நாற்பதைத் தாண்டிய போலீஸ் ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பென்சிலை வீட்டிலேயே சீவிக்கொண்டு வருவார். குறிப்புகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். நாங்கள் அவரை "ஏட்டய்யா" என்போம். அவருக்கு நாங்கள் எல்லாரும் பாப்பா, தம்பிதான்.

மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்ட அவருக்குக் களப்பணி ஒன்றுதான் பாக்கி. வீடுவீடாகப் போய், ஏதாவது திருடு போனதா, போலீசில் புகார் கொடுத்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பேராசிரியை அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி வைத்தார். கேட்பவர் போலீஸ் என்று தெரிந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அப்படித் தெரிந்துவிட்ட வீட்டின் படிவம் செல்லாது.

சீட்டுக் குலுக்கியதில் அவருக்கும் எனக்கும் கடலோர மீனவர் பகுதியான குருசுக்குப்பம் விழுந்தது. அவர் முன்பு வேலை பார்த்த ஸ்டேஷன் அதன் பக்கத்தில்தான்.

"வேற இடம் கேளுங்க, ஏட்டய்யா."

"நான் மாத்தலாயி மூணு வருஷமாச்சு பாப்பா. அங்க எல்லாருக்கும் என் சிவப்புத் தொப்பிதான் தெரியும். மூஞ்சி யாருக்குத் தெரியும்?"

நாங்கள் போனது மாசி மகம் முடிந்து வந்த சனிக்கிழமை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்த்தவாரிப் பந்தலின் கம்புகளை அன்றுதான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஏட்டய்யா தன் மகனின் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு வந்திருந்தார். மீசையை ஒட்ட வெட்டியிருந்தார். ஷூ மட்டும் பளபளவென்று பாலிஷ். அதைச் சொன்னதும் கழற்றி என் ஸ்கூட்டரில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மணலில் நடந்தார்.

முதல் வீட்டு வாசலில் ஒரு அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஏட்டய்யா தொண்டையைக் கனைத்தார்.

"வணக்கம்மா, நாங்க காலேஜ்லேருந்து..."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா ஏட்டு, தொப்பிய எங்க வச்ச?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அந்தப் படிவம் அப்போதே செல்லாமல் போய்விட்டது. அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருக்கலாம். ஆனால் தொடங்கிய கேள்வியை முடிக்காமல் கிளம்ப அவருக்கு வராது. ஏதாவது திருடு போனதா என்று கேட்டார்.

"போச்சே. மீன் வைக்கிற ஐஸ் பெட்டி."

"புகார் குடுத்தியாம்மா?"

"குடுக்கத்தான் வந்தேன். ஒரு பெட்டிக்கெல்லாம் புகாரா, நாளைக்கு வான்னு அனுப்புனது யாரு? நீதான்யா. மறுநாளு வந்தா, மந்திரி வராருன்னு பந்தோபஸ்துக்குப் போயிட்ட. அப்பால எனக்கு வேற வேல இல்லியா?"

பென்சில் நின்றது. 'ஏன் புகார் கொடுக்கவில்லை' என்பதன் கீழே பயம், நேரமின்மை, நம்பிக்கையின்மை, பிற என்று கட்டங்கள் இருந்தன. செல்லாத படிவம்தானே, மடித்துப் பைக்குள் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அவர் 'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் "வந்தார், நான் திருப்பி அனுப்பினேன்" என்று எழுதி, அக்காவுக்கே படித்துக் காட்டினார்.

"சரியா இருக்காம்மா?"

"மந்திரிய உட்டுட்டியே."

அதையும் எழுதினார்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "இந்தாளு பொய்யில்லாம எழுதுறாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சந்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏய், நம்ம ஸ்டேஷன் ஏட்டு வந்திருக்காருடி! யாருக்கு இன்னா காணாம போச்சோ வந்து சொல்லுங்க. எழுதிக்கினு போறாரு!"

அந்தக் குரலில் சந்து முழுவதும் செல்லாததாகிவிட்டது. ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். ஒருத்திக்குக் கேஸ் சிலிண்டர், ஒருத்திக்குக் கோழி.

"என் வூட்டுக்காரரு போனு."

"அத அவரே வித்திருப்பாரு, போடி!"

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஏட்டய்யா, இதுல ஒண்ணுகூட செல்லாது. பேப்பர் போயிடும். வேற தெருவுக்குப் போலாம், வாங்க."

அவர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம் பாப்பா. உன் பையில மிச்சப் படிவம் இருக்கும் பாரு, குடு." பிறகு எதிரே நின்றவளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. கோழி என்னிக்குக் காணாம போச்சு?"