அக்கா பிடித்த ஸ்பேனர்

உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பிடிக்கிறது" என்பாள் என் அக்கா. கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். அத்தானுக்குப் பாய்மரப் படகுகளில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழில். அக்கா இருபத்திரண்டு வருஷம் அவர் கூடவே போனாள். அதே படகுத்துறையில் பாய் தைக்கிற நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

படகு ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் ஒரு மூலையில் இருக்கும், குளிர்ப்பெட்டி இன்னொரு மூலையில். நடுவே இரண்டு செப்புக் குழாய்கள் ஓடும். அவற்றில் உள்ள இணைப்பைப் பிரித்தால் இரு பக்கமும் தானாக மூடிக்கொள்ளும், கேஸ் போகாது. ஆனால் பிரிக்கவும் மாட்டவும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று திரும்பும், மற்றது இம்மிகூட அசையக் கூடாது. அசைந்தால் குழாயும் சேர்ந்து முறுக்கி விரிசல் விட்டுவிடும். இணைப்போ இருக்கைக்கு அடியில், பூனைகூட யோசித்துத்தான் நுழையும் பொந்தில் இருக்கும். அக்கா குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, அசையாத ஸ்பேனரைப் பிடிப்பாள். "திருப்புங்க" என்பாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அத்தான் திருப்புவார். வீட்டில் பேச நேரமில்லாததையெல்லாம் அங்கே படுத்துக்கொண்டுதான் பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு, "ரிப்பேரா, தேன்நிலவா?" என்று கரையிலிருந்து கத்தியிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு நீலப் படகு. பலகை மாற்றுவதற்காகக் கழற்றிய குழாய்களைத் திரும்ப மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் படகு கிளம்புகிறது. மேல்தளத்தில் நான் பாய் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்பேனர் நழுவிய சத்தம், பின்னாலேயே கேஸ் சீறுகிற சத்தம். அவ்வளவும் போயிற்று.

அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படகுக்காரர் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணைப் பிடிச்சுட்டுச் சும்மா இருக்கிறது, அதுதான் உன் வேலை. அதுவும் முடியலைன்னா எதுக்கு என் கூட வர்ற?"

அக்கா எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். "நாலஞ்சு மாசமாவே விரல்ல பலம் இல்லடி. சட்டைக்குப் பொத்தான் போட முடியல."

"அவர்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வேற ஆளை வச்சுக்குவாரு. நான் வீட்ல உட்கார்ந்துக்கணும்."

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

நரம்பு நோய் என்றார் டாக்டர். முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, மருந்து கிடையாது. அத்தான் இடிந்துபோனார். ஆனால் அக்காவின் பக்கத்தில் அவர் வரவில்லை. கிடைத்த வேலையையெல்லாம் எடுத்துக்கொண்டு காலையில் போவார், சாயங்காலம் வந்து அறை வாசலில் நிற்பார். "சாப்பிட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். பிறகு போய்விடுவார். அவர்கள் வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான். என்ன கல்நெஞ்சு என்று மனசுக்குள் கரித்துக் கொட்டுவேன்.

அக்காவின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் புரியும். ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அன்னைக்குத் திட்டினதை நினைச்சுத்தான் அவர் உள்ள வர மாட்டேங்கிறாரு. எனக்கு அது எப்பவோ போயிடுச்சுன்னு சொல்லு. பக்கத்துல வந்து உட்காரச் சொல்லு."

"சரிக்கா" என்றேன்.

சொல்லவில்லை. அவர் இரண்டு நாள் நன்றாக வேகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. அதற்குள் அக்காவின் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அத்தான் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் என்னைத்தான் பார்ப்பாள். நான் தலையணையைச் சரிசெய்வேன். நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் அத்தான் என் பட்டறைக்கு வந்தார். "ஒரு ஃப்ரிட்ஜைக் கழற்றி மாட்டணும். பிடிக்க ஆள் இல்லை. உனக்கும் அவ கை மாதிரிதான், உள்ள போகும்." போனேன். குப்புறப் படுத்து ஸ்பேனரைப் பிடித்தேன். பலகை மறைத்ததால் அவர் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் வேலை நின்றது.

"எப்ப சொன்னா?"

"பேச்சு கொஞ்சம் இருந்தப்போ, அத்தான்."

"அதுக்கப்புறம் எத்தனை மாசம் இருந்தா?"

"அஞ்சு."

காது கூசத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"தினமும் வாசல்ல நின்னேனே... உள்ள கூப்பிட மாட்டாளான்னுதான் நின்னேன்."