இரண்டாம் மதிப்பீட்டாளர்

ஆய்விதழுக்கு ஆசிரியர் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கொடுமையானது. மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று நாம் கேட்கலாம். இங்கே சம்பளமே கிடையாது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் நாமே சொல்லிவிட வேண்டும். சொன்னதும் எதிரில் இருப்பவர் தேநீரை வேகமாகக் குடிக்கத் தொடங்குவார்.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு சிறு சங்கம் நடத்திய அரையாண்டு இதழ் அது. நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர்களின் பேச்சு, வேலை, வழிபாடு, பள்ளிக்கூடம் என்று தோட்டத்தைப் பற்றிய ஆய்வுகளை மட்டுமே வெளியிடுவோம். பத்தொன்பது வருடங்களாக நான்தான் ஆசிரியர். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது அந்த இதழ் ஒன்றுதான். போன வருடம் என் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கும் அதே வியாதி என்று டாக்டர் சொன்னார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துகளின் நடுவே ஒரு சாம்பல் கறை நின்றது.

சங்கக் கமிட்டி கூடிப் பேசியது. மாதக் கடைசிக்குள் புது ஆசிரியர் பெயரைக் கொடுக்காவிட்டால் இதழை மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. அவர்கள் முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றையும் நான் காணவில்லை. கண் சரியாகத் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெமியாங்கில் என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக்கடையில்தான், மாப்பிள்ளை பார்க்கும் படலம் நடந்தது. யாரோடாவது நான் உள்ளே நுழைந்தால் கடைக்கார பாய், "இவராச்சும் சரிப்படுவாரா சார்?" என்று மெதுவாகக் கேட்பார். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர், "தமிழ் ஜர்னலுக்கு எடிட்டரா இருந்தா எங்க டிபார்ட்மெண்ட்ல புரமோஷனுக்குப் பாயிண்ட் கெடைக்காது லா சார். இங்கிலீஷுக்கு மாத்துனா சொல்லுங்க, பார்ப்போம்," என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உடனே சம்மதித்தார். பிறகு, அட்டையில் தம் படம் எந்தப் பக்கம் வரும் என்று விசாரித்தார். யார் படமும் வராது என்றேன். மறுநாள் பேத்திக்குக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப் அனுப்பினார். அந்தப் பேத்திக்கு அதன்பிறகு குணமாகவே இல்லை.

ஒன்பது பேரைக் கேட்டேன். ஒன்பது பேரும் மாட்டேன் என்றார்கள். தினமும் காலையில் எழுந்ததும் நாட்காட்டியை முகத்தருகே கொண்டுபோய் மிச்ச நாள்களை எண்ணுவேன். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டரிடம், உங்களுக்குத் தமிழ் எழுத வருமா என்று கேட்டேன். அவ்வளவு தூரம் போயாயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வில் அக்கறை இல்லை, எழுத ஆளே வருவதில்லை, எல்லாம் என்னோடு முடிந்தது என்பேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பழைய இதழ்களை எடுத்துப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பெயர் தேடினேன். நல்ல கட்டுரைகள் என்று நான் நினைத்திருந்த மூன்றின் கடைசிக் குறிப்பில் ஒரே ஆளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். புக்கிட் பெலண்டோக் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை. சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுத்தவராம். அந்த மூவரில் ஒருவருக்குப் போன் போட்டேன். "அந்த டீச்சர் பார்க்காம நாங்க உங்களுக்கு எதையும் அனுப்ப மாட்டோம் சார். பிஎச்டி முடிச்சவங்களும் அவங்ககிட்டதான் காட்டுவாங்க. ஆனா அவங்க மட்டும் எழுத மாட்டாங்க," என்றார்.

இப்படிப்பட்டவர் ஏன் நமக்கு ஒன்றும் எழுதவில்லை என்று இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தேன். எழுதியிருந்தார். எட்டு வருடங்களுக்கு முன்னால், தோட்டத்து ஆயாக் கொட்டகைகளைப் பற்றி. பால்மரம் சீவப் போன தாய்மாரின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொண்ட பெண்களைத் தேடிப் பிடித்துப் பேசி எழுதிய கட்டுரை. அதோடு இரண்டு மதிப்பீடுகள் கோத்திருந்தன. முதலாவது, சிறு திருத்தங்களோடு வெளியிடலாம் என்றது. இரண்டாவது, "நேர்காணல்களை அடுக்கி வைத்தால் ஆய்வாகிவிடாது. கட்டுரையாளருக்கு இத்துறையில் அடிப்படைப் பயிற்சி கிடையாது," என்றது.

அந்த இரண்டாவதை எழுதியவன் நான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆய்விதழ் என்றால், வருகிற கட்டுரையை எழுதியவர் பெயரை மறைத்து இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு பேர் பார்த்தால்தான் தரப்பட்டியலில் இதழுக்கு இடம். எங்களுக்கு முதல் ஆள் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டாமவர் ஆறு மாதம் கட்டுரையை வைத்திருந்துவிட்டு, நேரமில்லை என்பார். இதழ் தாமதமாகிக்கொண்டே போகும். அதனால் சில சமயம் இரண்டாவது மதிப்பீட்டை நானே எழுதிவிடுவேன். என் நடை என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக ஆளையே மாற்றிக்கொள்வேன். ஆசிரியராகக் கடிதம் எழுதும்போது நான் அன்பே உருவானவன், வருந்துகிறேன் என்று மூன்று முறை எழுதுவேன். இரண்டாம் மதிப்பீட்டாளரோ கறாரான மனிதர், பெரிய இடத்துப் பேராசிரியர் தோரணை. உண்மையைச் சொன்னால், அவராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆயாக் கொட்டகைக் கட்டுரை வந்த முறை இதழில் பதினெட்டுப் பக்கம் அதிகமாகிவிட்டது. ஒரு கட்டுரையைக் கழிக்க வேண்டியிருந்தது. அவரைக் கூப்பிட்டேன், கழித்துக் கொடுத்தார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாள் இல்லையே. அந்த ஆசிரியைக்குப் போன் செய்து, இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கண்ணைப் பற்றியும் சொன்னேன், வெட்கமில்லாமல்.

அவர், "ஒன்னே ஒன்னு கேக்கலாமா சார்? முன்ன நான் ஒரு கட்டுரை அனுப்புனேன். ரெண்டாவதா பார்த்தவரு யாருன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

"அவரு இப்ப இல்லைம்மா. போய்ச் சேர்ந்துட்டாரு."

எப்படி அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் 'ஐயோ' என்று மெல்லச் சொன்னது கேட்டது. சனிக்கிழமை பள்ளிக்கு வந்தால் பேசலாம், மனசு இருக்கிறது என்றார். போனை வைத்துவிட்டு மாமாக் கடைக்குப் போய் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பாயிடம், ஆள் கிடைத்துவிட்டது என்றேன்.

சனிக்கிழமை வரை இருந்த நான்கு நாளும் அலமாரியைக் குடைந்தேன். பொறுப்பை ஒப்படைத்தால் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும், இரண்டாவது மதிப்பீடுகளைக் கிழித்துவிட்டால் தொல்லை இல்லை. கிழிப்பதற்காக எடுத்து அடுக்கினேன். இரண்டோ மூன்றோ இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பதினொன்று இருந்தன. பதினொன்றும் நிராகரிப்பு. எழுதியவர்கள் எல்லாரும் அப்போது முப்பது வயதைத் தாண்டாதவர்கள், தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவர்கூட எங்களுக்கு மறுபடி எழுதவில்லை. எழுத ஆளே வருவதில்லை என்று ஊரெல்லாம் புலம்பியவன் அந்தக் கட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிழிக்கக் கை வரவில்லை. ஒப்புக்கொள்ள வாயும் வராது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை வாடகைக் கார் பிடித்துப் போனேன். வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். பள்ளியில் விளையாட்டு, சாரணர் என்று புறப்பாட வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். கேன்டீன் மேசையில் அவர் எனக்காகப் பால் கலக்காத தே ஓ வாங்கி வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அடுத்த இதழுக்கு யார் யாரிடம் என்ன கட்டுரை கேட்கலாம் என்று பட்டியலே போட்டுவிட்டார். அதைப் பார்த்ததும் இதழ் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவர், "அவரு சொன்னது சரிதான் சார், பாவம்," என்றார்.

"எவரு?"

"அந்த ரெண்டாவது ஆளு. எனக்குப் பயிற்சி இல்லைன்னு எழுதியிருந்தாரு. அதுக்கப்புறம்தான் புக்கா வாங்கிப் படிச்சேன், அடுத்தவங்க கட்டுரைய எடுத்துத் திருத்திப் பழகிக்கிட்டேன். சொந்தமா எழுத மட்டும் கை வரல. ஒக்காந்தா அந்த வரிதான் முன்னுக்கு வந்து நிக்குது. உசுரோட இருந்தா ஒரு தடவ போய்ப் பார்த்திருப்பேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் ஐந்து நிமிடம் மூடிக்கொண்டிருந்தால் இதழுக்கு ஆசிரியர் கிடைத்துவிடுவார். தேநீரைக் கையில் எடுத்தேன், குடிக்க முடியவில்லை.

"உசுரோடதான் இருக்காருமா," என்றேன். "நான்தான் அது."

பதினெட்டுப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன், நடையை மாற்றியதைச் சொன்னேன், அலமாரியில் இருந்த பதினொன்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சண்டைக்கு வந்திருப்பேன் சார்," என்றார் கடைசியில். "யாரோ வெவரம் தெரிஞ்சவரு முழுசாப் படிச்சுட்டுச் சொல்றாருன்னு நம்பிட்டேன்."

நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இதழ்மா..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு அதப் பத்தி ஒன்னும் சொல்லத் தோணல சார். மத்த பத்துப் பேருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களுக்குப் போன் போடுங்க," என்று சொல்லிவிட்டு, கேன்டீன் விளக்கை அணைத்து, என்னைக் கேட்வரை கொண்டுவந்து விட்டார். கார் வரும்வரை கூடவே நின்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை சங்கச் செயலாளர் கூப்பிட்டார். பெயர் எதுவும் இல்லை என்றேன். சரி சார், நீங்க எவ்வளவோ முயற்சி செஞ்சீங்க என்று ஆறுதல் சொன்னார். அத்தோடு இதழ் நின்றது. அன்று மதியம் சாப்பிடாமல் அந்தப் பதினொரு மதிப்பீடுகளையும் அவை கோத்திருந்த கட்டுரைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். செத்தவீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, ஆனால் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, எல்லாவற்றிலும் பழையதாக இருந்த கட்டுரையின் முதல் பக்கத்தில் தொலைபேசி எண்ணைத் தேடினேன்.

அந்தக் கட்டுரை பெரட்டைப் பற்றியது. விடியலில் தோட்டத்து ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அது. அதை எழுதியவர் இப்போது போர்டிக்சனில் லோரி ஓட்டுகிறாராம். ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். நான் யார் என்பதையும், அவர் கட்டுரையை நிராகரித்த பேராசிரியர் என்று ஒருவர் கிடையவே கிடையாது என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

"அப்படின்னா நான் எழுதுனது தப்பில்லையா சார்?" என்று கேட்டார்.

இல்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மடியிலிருந்த கட்டுரையைப் பார்த்தேன். நான்காம் பக்கத்தோடு என் பென்சில் குறிகள் நின்றிருந்தன. அதற்கு மேல் பன்னிரண்டு பக்கம் சுத்தமாக இருந்தது.

"தெரியல தம்பி," என்றேன். "நான் முழுசாப் படிக்கல."