பாக்காத படத்துக்குக் கதை சொன்னவ

ஒரு படத்தைப் பாக்காமலே ஒம்பது வருஷம் அதுக்குக் கதை சொன்னவ நான். இப்ப இதச் சொல்ல வெக்கம் ஒண்ணும் இல்ல. அப்ப எவளாச்சும் கண்டுபிடிச்சிருந்தா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிருப்பேனோ தெரியாது.

தல்லாகுளத்துல ஒரு கவர்மெண்ட் ஆபீசு. நான் அங்க டைப்பிஸ்டு. பொம்பளைங்க ஏழு பேரு. மத்தியானமானா ரெக்கார்டு ரூம்ல, பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவுல பேப்பர விரிச்சு உக்காந்து சாப்பிடுவோம். பழங்காநத்தத்துல இருந்து டவுன் பஸ்ல இடிபட்டு வந்து, காலையிலயே சூப்பிரண்டுகிட்ட ரெண்டு எழுத்துப் பிழைக்கு வாங்கிக் கட்டிக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் "வந்துட்டியா"ன்னு ஏறிட்டுப் பாக்க ஒரு ஆளு கிடையாது. ஆனா அந்த ரெக்கார்டு ரூம்ல அரை மணி நேரம் நான்தான் ராணி. டிபன் பாக்ஸத் தொறந்து வச்சுட்டு, "அக்கா, அந்த ரத்தக்காட்டேரி படத்தச் சொல்லுங்கக்கா"ன்னு ஆறு பேரும் என் வாயையே பாப்பாளுக. அதுக்காகவே நான் லீவு போடாம வேலைக்குப் போனேன்னு சொன்னாலும் பொய்யில்ல.

அது ஒரு இங்கிலீஷ் படம். பெரிய மாளிகை, அதுல ஒரு பெரிய மனுசன். பகல் பூரா சவப்பெட்டிக்குள்ள படுத்துக் கிடப்பான், பொழுது சாஞ்சா எந்திரிச்சு வந்து பொம்பளைங்க கழுத்துல பல்லு வச்சு ரத்தத்த உறிஞ்சுவான். எழுபதுகள்ல அந்தப் படம் மதுரைக்கு வந்தப்ப, நானும் வாரேன்னு எங்க அண்ணன்கிட்ட எம்புட்டோ கெஞ்சுனேன். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன இங்கிலீஷ் பேய்ப்படம் வேண்டிக் கிடக்கு"ன்னு வீட்டுல ஒரே அதட்டு. அண்ணன் மட்டும் கூட்டாளிகளோட போயிட்டு வந்து எனக்குக் கதை சொன்னான். அவன் சொன்னது கால் மணி நேரம்கூட வராது, அதுலயும் பாதி வாயாலயே போட்ட மியூசிக்கு. மிச்சத்தையெல்லாம் நானா இட்டுக்கட்டுனதுதான். பேய்னா கால் தரையில பாவக்கூடாதுல்ல, அதனால அவன் மாடிப்படியில மிதந்துக்கிட்டே வருவான்னு சொல்லி வச்சேன். அவன் வாரதுக்கு முன்னாடி தொட்டில் தானா ஆடும்னும் சேத்துக்கிட்டேன். முதல் நாள் சொல்றப்பவே, "இந்த ரெண்டு கண்ணால பாத்தேண்டி"ன்னு ஒரு வேகத்துல வாயில வந்திருச்சு. வந்தத எப்படித் திருப்பி முழுங்குறது?

இப்படியே போய்க்கிட்டு இருந்தப்பத்தான் அவ வந்து சேந்தா. எண்பதுகள்ல பாதி இருக்கும். மஹால் பக்கத்து சௌராஷ்டிரா வீட்டு மருமக, என்னைய விடப் பத்து வயசாச்சும் சின்னவ. பஸ்ல வந்தாலும் சேலை கசங்காது. கான்வெண்டுல படிச்சவளாம், இங்கிலீஷு தண்ணி பட்ட பாடு. என்னையத் திட்டுற அதே சூப்பிரண்டு அவகிட்டப் போய், "இந்த லெட்டர் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரும்மா"ம்பாரு. அவ கொண்டு வார புளியோதரைக்கு ஆறு கையும் நீளும். என் உருளைக்கெழங்கு மூடி தொறந்தபடியே கெடக்கும். எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லேன்னு சொல்லல. ஆனாலும் கதைன்னு வந்தா எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவாளுக. அவளும் திரும்புவா. கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கேப்பா. இங்கிலீஷு வரும், கதை சொல்ல வராது போலன்னு நெனச்சு என்னைய நானே ஆத்திக்கிட்டேன்.

ஒரு நாள் பையில இருந்து ஒரு அட்டைப்பெட்டிய எடுத்தா. "அக்கா, சிங்கப்பூர்ல இருந்து எங்க கொழுந்தனாரு வீடியோ டெக்கு கொண்டாந்திருக்காரு. கூடவே இது. நீங்க சொல்வீங்கள்ல, அந்த ரத்தக்காட்டேரி படம். இப்ப அத வீட்டுலயே போட்டுப் பாக்குற மாதிரி கேசட்டா விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் வாங்க."

அட்டையில அவன் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான், வாயோரம் ரத்தம். கையி கையா மாறி எங்கிட்ட வாரதுக்குள்ள எனக்குச் சோறு எறங்கல. நல்ல வேளை, இடுப்புக்கு மேலதான் படம் போட்டிருந்தான், கால் தெரியல. எனக்குக் காய்ச்சல் வார மாதிரி இருக்குன்னு அப்பவே ஒரு அடி போட்டு வச்சேன். எங்க ஏழு பேருல டெஸ்பாட்ச் பாக்குறவ ஒருத்தி விடல. "ஆத்தி, நீங்க இல்லாம நாங்க எதுக்கு? அவங்க பேசுற இங்கிலீஷு எவளுக்குப் புரியும்? நீங்கதான் பக்கத்துல இருந்து சொல்லணும்." அவளும், "அதுக்குத்தானே அக்காவக் கூப்பிடுறேன்"னா. நான் போகலேன்னா என்ன நடக்கும்னும் யோசிச்சேன். திங்கக்கிழமை இவளுக அம்புட்டுப் பேரும் அவ வாயப் பாத்து உக்காந்திருப்பாளுக. அது என்னால தாங்க முடியாது. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், மண்டையப் பொளக்குற வெயிலு. அவ வீட்டுல ஜன்னலுக்கெல்லாம் போர்வையப் போட்டு மூடி, இருட்டாக்கி வச்சிருந்தா. அவளும் மாமியாரும் அவங்க பாஷையில என்னமோ பேசிச் சிரிச்சாங்க. என்னையத்தான் சொல்றாங்களோன்னு எனக்குள்ள ஒரு குறுகுறுப்பு. டிவிக்கு நேரா முன்னால எனக்கு மட்டும் ஒரு நாற்காலி, மத்தவளுக எல்லாம் பாயில. கேசட்ட உள்ள தள்ளுனா. டெக்கு கிர்ருன்னு முழுங்கிக்கிச்சு.

படம் எடுத்த எடுப்புலயே காட்டுறது எதத் தெரியுமா? பூட்ஸு. பளபளன்னு ரெண்டு கறுப்புப் பூட்ஸு டக்கு டக்குன்னு படியில எறங்கி வருது.

"ஏக்கா, கால் பாவாதுன்னீங்க?" டெஸ்பாட்ச்காரிதான்.

"இப்ப மனுச வேசத்துல வாரான்டி. கதை தெரியாமப் பேசாத"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். அடங்கிட்டா. தொட்டில் எங்கன்னு எவளும் கேக்கல. கொஞ்சம் தெம்பு வந்திருச்சு. அவன் பேசப் பேச, மூஞ்சிய வச்சே ஒரு அர்த்தத்த எடுத்து விட்டுக்கிட்டு வந்தேன். எல்லாரும் உம் கொட்டுனாளுக.

பெறகு ஒரு பொண்ணு நிலைக்கண்ணாடி முன்னால உக்காந்து தலை சீவுறா. அவன் பின்னாடி கதவத் தொறந்துக்கிட்டு வாரான். அடுத்தாப்புல கண்ணாடியக் காட்டுறான், அதுல அவ மட்டும்தான் இருக்கா. இந்தக் கண்ணாடி விசயத்த எங்க அண்ணன் சொல்லவே இல்ல. அந்த எடத்துல பயந்துபோய்க் கண்ண மூடிக்கிட்டானோ என்னமோ, பாவிப்பய. நானும் ஆளு போயிட்டான்னே நெனச்சேன். "பயப்படாதீங்கடி, போயிட்டான். இனி அடுத்த சீன்லதான் வருவான்"னு சொல்லி வாய மூடல, அந்தப் பொண்ணு தோள்ல ஒரு கை வந்து விழுந்துச்சு.

ஆத்தாடி! வீடே கிடுகிடுத்துப் போச்சு. ஒருத்தி முந்தானைய இழுத்து முக்காடு போட்டுக்கிட்டா. ஒருத்தி என் காலக் கட்டிக்கிட்டா. நானும்தான் அலறுனேன், ஆனா அந்தச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. அலறி முடிச்சதும் டெஸ்பாட்ச்காரி திரும்பி என்னையப் பாத்தா. "போயிட்டான்னு சொன்னீங்க? ஏக்கா, நெசமாவே இந்தப் படத்தப் பாத்தீங்களா, இல்லையா?"

எல்லா மூஞ்சியும் என் பக்கம். ஒம்பது வருஷம் உக்காந்திருந்த எடம் காலுக்கடியில சரியுது.

பின்னால இருந்து கேசட்டுக்காரி சிரிச்சா. "அட, அக்காவுக்குத் தெரியாதா? ரத்தக்காட்டேரிக்குக் கண்ணாடியில உருவம் விழாது. நீங்கள்லாம் இப்படி அலறணும்னுதான் அக்கா வேணும்னே லந்து பண்ணுது."

அம்புட்டுத்தான். அத்தனை பேரும் என் முதுகுல செல்லமா அடிச்சாளுக. "அடேங்கப்பா, கல்லுளிமங்கிக்கா நீங்க!" நானும் ஆமான்னு தலைய ஆட்டிச் சிரிச்சேன். காப்பாத்துனவ மேல எவளுக்காச்சும் வயிறு எரியுமா? எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. பறிச்சிருந்தாலாவது சண்டை போடலாம். என் எடத்த எனக்கே தானம் பண்ணிட்டா அவ.

படம் முடிஞ்சு காபி குடிச்ச டம்ளர்களை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போனேன். அவ குழாயத் தொறந்து விட்டுட்டு, என்னையப் பாக்காமலே மெதுவாச் சொன்னா. "அக்கா, அடுத்த மாசம் இதுக்கு ரெண்டாம் பாகம் வருது. அதையும் எல்லாரையும் கூப்பிட்டுப் போடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கு முதல் நாள் ஆபீசு லீவுதான். நீங்க மட்டும் அன்னிக்கே வாங்க. ஒரு தடவை பாத்துக்கிட்டா சொல்றதுக்கு வசதியா இருக்கும்."

"எனக்கு எதுக்கு?"ன்னேன். குரல் எனக்கே வெடுக்குன்னுதான் கேட்டுச்சு.

"சும்மாதான்க்கா"ன்னா. டம்ளரத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா.

நாலு வாரம் அவகூடச் சரியாப் பேசல. எம்புட்டுத் திமிரு இருந்தா என்னைய ஒத்திகைக்குக் கூப்பிடுவா! போகவே கூடாதுன்னு தினமும் பஸ்ல வைராக்கியம் எடுப்பேன். பெறகு அந்த டெஸ்பாட்ச்காரி திரும்பிப் பாத்த பார்வை ஞாபகம் வரும். சனிக்கிழமை காலையில சேலைய மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன். வழியில ரெண்டு தடவை எறங்கித் திரும்பப் பாத்தேன். ஆனாலும் போனேன்.

அவ கேசட்ட நிப்பாட்டி நிப்பாட்டிச் சொன்னா. யாரு என்ன பேசுறா, எதுக்குப் பேசுறா, எல்லாம் தமிழ்ல. சொல்றப்ப குரலத் தணிப்பா. ஒரு எடத்துல டக்குன்னு பேச்ச நிறுத்துவா. படத்துல இன்னும் ஒண்ணுமே வந்திருக்காது, அதுக்குள்ள என் கையில மயிரு சிலுத்துக்கிட்டு நிக்கும். பட்டப்பகல்ல, பக்கத்து வீட்டுல மொளகா இடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கையில.

என்னைய விட அவ நல்லாச் சொன்னா. என் கதையெல்லாம் அவ சொல்றதுக்குப் பக்கத்துல நிக்காது. வந்த முதல் வாரமே வாயத் தொறந்திருந்தா அந்த ரெக்கார்டு ரூம் அவளுதுதான். தொறக்காம, கன்னத்துல கைய வச்சுக்கிட்டு என் புளுகக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் அவ எடத்துல இருந்திருந்தா அப்படி இருந்திருக்க மாட்டேன். ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் அதே நாற்காலியில உக்காந்து நான் சொன்னேன். அவ வார்த்தைய அப்படியே சொன்னேன், அவ நிறுத்துன எடத்துல நிறுத்துனேன். எவளும் மூச்சுக்கூட விடல. பயப்படுற எடம் வந்தப்ப எல்லாம், வாயப் பொத்திக்கிட்டு முதல் ஆளா அலறுனது அவதான்.