ஒன்றாக நிற்கிற படம்

கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் எங்கள் தெருவில் யாருக்காவது வெளிநாட்டுக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், வாயும் கொஞ்சம் நீளம், அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பெண்கள் சங்கத்தில் நாலைந்து பேர் இருக்கிறோம். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்வோம். சேர்த்து வைத்ததைவிடக் கொழும்புக்கு அலைந்ததுதான் அதிகம்.

பின்வீட்டுப் பெண்ணின் புருஷன், இங்கே கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்த பிறகு உயிருக்குப் பயந்து ஐரோப்பாவுக்குப் போனவர். அங்கே அவரை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். மகள் வயிற்றிலிருக்கும்போதே போய்விட்டார். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாப்பாவைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். தாயையும் மகளையும் அவரிடம் அனுப்ப நாங்கள் விண்ணப்பம் போட்டோம்.

கொழும்பில் நடந்த நேர்முகத்தில், கலியாணப் பதிவில் உன் கையெழுத்து எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இவள் விழித்திருக்கிறாள். எங்கள் நிக்காஹ்வில் பொம்பிளையிடம் யார் கையெழுத்துக் கேட்டார்கள்? பெண்ணின் வாப்பாதான் போடுவார். என் பதிவிலும் என் கையெழுத்து இல்லை, நாலு பிள்ளை பெற்றுவிட்டேன். சரி, இரண்டு பேரும் நிற்கிற கலியாணப் படமாவது உண்டா என்றார்களாம். அதுவும் இல்லை. படம் பிடிப்பதே கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல மார்க்கப் பேணுதல்!

மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்காகப் பள்ளிவாசலில் கடிதம் வாங்கினேன், அயலவர்களிடம் வாங்கினேன், மகளை மரபணுச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கக் கண்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனபோது, எங்கள் கதையைக் கேட்ட கடைக்காரர் மனமிளகிப் போனார்.

"ரெண்டு பேரோட படத்தையும் குடுங்கம்மா. பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சிர்றேன். ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு ஆசை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாணாம் ராத்தா. மச்சான் உண்மையாத்தானே ஈக்கிறார். எதுக்குப் பொய்ப் படம்?"

போன மாதம் கடைசிப் பதில் வந்தது. பிள்ளை அவருடையதுதானாம், அதனால் மகள் போகலாம். கலியாணம் நிரூபிக்கப்படவில்லை, அதனால் தாய்க்கு அனுமதி இல்லை. இதற்கு மேல் முறையிடவும் வழியில்லை.

"அட பாவிகளா, பிள்ளை என்ன ஆகாயத்திலிருந்தா விழுந்திச்சி!" என்று என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். அங்கே கேட்க அவளையும் என்னையும் தவிர யார் இருந்தார்கள்? அவள் அழவில்லை. மகளை அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"என்ன பேச்சுடி இது? நீ இல்லாமலா?"

"இங்க வச்சி என்ன செய்ற ராத்தா? மறுபடியும் எரிச்சா, புள்ளயத் தூக்கிட்டு எங்க ஓடுற? வாப்பாகிட்டயாச்சும் ஈக்கட்டும்."

குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று இத்தனை வருடம் அலைந்து, தாயையும் பிள்ளையையும் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். சங்கமாம், சங்கம். எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று மகளுக்குக் குளிருடுப்பு வாங்கக் கண்டிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அந்தப் படக் கடைக்குப் போவோம் ராத்தா" என்றாள்.

கடைக்காரர் எங்களை மறந்திருக்கவில்லை. "ஆபீஸுக்கு அனுப்பவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. மகள்ட பேக்கில வைக்க."

தன் படத்தையும், போனிலிருந்த புருஷனின் படத்தையும் கொடுத்தாள். அவர் கணினியில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பொருத்தமாகத்தான் இருந்தார்கள்.

"பின்னால என்ன போடணும்மா? வாவியா, பூந்தோட்டமா?"

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"ஒரு வீடு போடுங்கோ" என்றாள்.