டெம்போ நெற்றியில் கட்டிய கொடி

போலந்துக் கொடியைத் தலைகீழாகக் கட்டினால் இந்தோனேசியா ஆகிவிடும். ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு இது தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும், அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். என் அட்லஸின் கடைசிப் பக்கத்தில் உலகத்துக் கொடிகளெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. மற்ற பிள்ளைகள் மலையையும் நதியையும் தேடிக்கொண்டிருக்க, நேபாளத்துக்கு மட்டும் ஏன் நாலு மூலை இல்லை என்று டீச்சரைக் குடைந்துகொண்டிருப்பேன்.

இந்தப் பைத்தியம் அப்பாவால் வந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் மூன்று கம்பங்கள் உண்டு. ஒன்றில் நம் தேசியக் கொடி, ஒன்றில் கம்பெனிக் கொடி. மூன்றாவது, மிஷின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கானது. ஜெர்மனிக்காரர் வந்தால் ஜெர்மனி ஏறும், ஜப்பான்காரர் வந்தால் ஜப்பான். அவர்கள் கிளம்பியதும் இறக்கி, மடித்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு எந்த நாடு என்று கேட்டுவிடுவேன். ஆகவே கொடி என்றால் என்ன என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. வருகிறவர்களை ‘வாங்க’ என்று வாயால் கூப்பிடுவதற்குப் பதில் துணியால் கூப்பிடுவது.

அந்த வருடம் அரையாண்டு விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகிற வழியில், பொம்மசந்திராவை ஒட்டி. சித்தப்பா கன்னடக்காரர். எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், குழாயடிச் சண்டையில் எல்லாமும். சித்தி அப்போதுதான் கைக்குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் தண்ணீர்த் தகராறு வெடித்தது. ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களுக்கும் சண்டை என்றார்கள். எனக்குப் புரியவில்லை. சித்தி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. பஸ்கள் நின்றுபோயின, கடைகள் மூடின. ராயக்கோட்டைத் தக்காளியை பெங்களூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், மேற்கொண்டு போக முடியாமல் டெம்போவைச் சித்தி வீட்டுச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு யார் யாரோ சந்து முனையில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவில் எதுவோ எரிகிற வாடை வந்தது.

தாயும் பிள்ளையும் உடனே ஓசூருக்குப் போய்விடட்டும் என்று முடிவு செய்தவர் சித்தியின் மாமியார். தன் குழந்தையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று சித்தப்பா தயங்கினார். குழந்தையை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், மருமகள் வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தையில் தமிழ் என்று தெரிந்துவிடுமே என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு, தன்னுடைய மஞ்சள் புடவை ஒன்றைக் கிழித்து, சிவப்புப் பாவாடைத் துணியோடு சேர்த்துத் தையல் மிஷினில் கடகடவென்று ஓட்டினார். அந்தத் தெரு முழுக்க அதே கொடிதான் வாசலுக்கு வாசல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பெயினை யாரோ நடுவில் மடித்துவிட்டது போல ஒரு கொடி. என் அட்லஸில் அது இல்லை. எந்த நாட்டுடையது என்று மாமாவிடம் கேட்டேன்.

“அத்திப்பள்ளி வரைக்கும் இருக்கிற நாட்டோடது பாப்பா” என்றார்.

சித்தப்பா டெம்போவின் மேலேறி முருகனை மறைத்துக் கட்டினார். முருகனுக்குப் போர்வை போத்தியாச்சு, ஊர் போற வரைக்கும் தூங்கட்டும் என்று மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நம்பர் பலகையில் சேற்றை அப்பிவிட்டு மாமா கையைக் கழுவும்போதுதான் நான் கவனித்தேன்.

“சித்தப்பா, மஞ்சள் மேல வரணும். நீங்க செவப்ப மேல கட்டிட்டீங்க.”

மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். சித்தப்பா அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார். ஒரு முடிச்சு போதாதென்று மேலும் மேலும் போட்டார். மார்கழிக் காற்றுக்குப் பயந்து என்று நினைத்தேன். தன் கொடியே தனக்குத் தெரியாத ஒருவரை முதன்முதலாகப் பார்த்த பெருமையில், போலந்துக் கதையை அவருக்கும் சொன்னேன். “ஆகலி புட்டம்மா”, சரிடா குட்டி என்று என் தலையைத் தடவினார்.

மாமா, சித்தி, குழந்தை, நான் என்று முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம், சித்தப்பா கதவோரம். சித்தியும் நானும் வழியில் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு கூட்டுரோட்டில் தடி வைத்திருந்தவர்கள் மறித்தார்கள். சித்தப்பா தலையை வெளியே நீட்டிப் பேசினார். அவர்கள் கொடியைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், எங்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. சித்தி அதைத் தமிழில்தான் சமாதானப்படுத்துவாள். அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை அழும்போது பேசாமலிருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒருவன் பானெட்டைத் தட்டி, போ என்றான்.

எல்லைக்கு முந்தின ஊரான அத்திப்பள்ளி வந்ததும் மாமா வண்டியை ஓரங்கட்டினார்.

“இதுக்கு மேல நீ வராத மாப்ள. அந்தப் பக்கம் உனக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது.”

இது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இதுவரை எங்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவரே அவர்தான். சித்தப்பா இறங்கினார். குழந்தையின் மூடிய கைக்குள் தன் விரலைக் கொடுத்துவிட்டு, எடுக்கத் தெரியாதவர் போல நின்றார். எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில், கொடியை அவிழ்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி நகர்ந்ததும் சித்தி பேச ஆரம்பித்தாள். அடக்கி வைத்த ‘கண்ணே’, ‘ராஜா’ எல்லாவற்றையும் குழந்தையின் காதில் கொட்டினாள். மாமா சீட்டியடித்தார். எங்கள் பக்கத்து முதல் ஊரான ஜூஜூவாடியில் ரோட்டுக்குக் குறுக்கே கற்கள் கிடந்தன. இங்கேயும் தடிகள்தான். முன்னால் நின்றவன் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். சாப்பாட்டுக்கு அவன் அம்மா அவனைத் தெலுங்கில் கூப்பிடுவது எங்கள் வீட்டுச் சமையற்கட்டு வரை கேட்கும். அவன் டெம்போவின் நெற்றியைப் பார்த்தான்.

“என்னாண்ணா இது. நீயே இதக் கட்டிக்கினு வந்தா எப்படி? எறக்கிக் குடு, இங்கயே கொளுத்திட்றோம்.”

அவன் பின்னால் ஒருவன், வண்டியோட கொளுத்துடா என்றான். மாமா, மறந்துட்டம்ப்பா, நம்ம வண்டிதான்ப்பா என்று கும்பிடாத குறையாகச் சொல்லிக்கொண்டே இறங்கப் போனார். அதற்குள் சித்தி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பம்பரில் கால் வைத்து ஏறி, முடிச்சோடு போராடினாள். சித்தப்பா ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் போட்ட முடிச்சுகள். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். முருகன் வெளியே வந்தார்.

மெக்கானிக் அண்ணன் கையை நீட்டினான். சித்தி துணியை ஒரு உதறு உதறி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் மடியிலிருந்த குழந்தையை அதற்குள் வைத்துச் சுற்றினாள்.

“பிள்ளைக்குக் குளிருது. வண்டிய எடுண்ணா.”

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்லஸை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் மேலே மஞ்சள், கீழே சிவப்பு தீட்டினேன். எல்லாக் கொடிக்கும் கீழே ஒரு பெயர் இருந்ததால் இதற்கும் வேண்டும். கர்நாடகா என்று எழுது என்றாள் அம்மா. அது மாநிலம், அட்லஸில் நாடுதான் இருக்க வேண்டும் என்றார் அப்பா. பஸ் மறுபடி எப்போது ஓடும் என்று பேச்சு அங்கேயிருந்து எங்கேயோ போய்விட்டது.

பிள்ளையை மடியில் போட்டிருந்த சித்தி, “கீழ உங்க சித்தப்பா பேர எழுது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடி நாட்டுக்குத்தான், ஆளுக்குக் கிடையாது என்று விளக்கினேன். ஜெர்மனி, ஜப்பான் என்று உதாரணம்கூடக் கொடுத்தேன். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் துணியின் மூலையில், சித்தப்பா முடிச்சுப் போட்ட இடம் கயிறு போலத் திருகிக்கொண்டிருந்தது. அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். துணி வீணாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறாள் போலிருக்கிறது, பாவம். இஸ்திரி போட்டால் சுருக்கமெல்லாம் போய்விடும் சித்தி என்றேன்.

அது மட்டும் வேண்டாம் என்றாள்.