குண்டூசிக்கு இனி பிஸ்கட் இல்லை

என் அக்கா தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை. நீளமான காற்சட்டையைக் குட்டையாக்குவதும் இறுக்கமான சட்டையைத் தளர்த்துவதும்தான் அவள் தொழில். செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மிஷின், வெட்டுமேசை, கம்பியில் தொங்கும் ஊரார் உடுப்புகள். பின்னறையில் அடுப்பும் கட்டிலும். இரண்டுக்கும் நடுவே, வழியை அடைத்துக்கொண்டு பூனை.

பூனையின் பெயர் குண்டூசி. அக்கா மகள் வைத்தது. மழையில் நனைந்து மாடிப்படியில் ஒண்டியிருந்த குட்டியை அவள் தூக்கிவந்தபோது அப்படித்தான் இருந்தான். இப்போது ஊசி போய்விட்டது, குண்டு மட்டும் பாக்கி. அக்கா மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதுதான் அதற்குக் காரணம் என்றால் சிரிப்பீர்கள். கேளுங்கள்.

அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். சண்டையெல்லாம் இல்லை. தாயும் மகளும் ஒரே அச்சு, மனசில் மலையளவு இருந்தாலும் வாயில் கடுகளவு வராது. மகளின் போன் எதன்மீதோ சாய்ந்திருக்க, திரையில் பாதி நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். குண்டூசி வந்துவிட்டால் கதையே வேறு. "டேய் கள்ளா!" என்று முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துக் கொஞ்சுவாள். அக்கா போனின் பின்பக்கக் கேமராவைப் பூனை பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரியும் மகளை ஆசைதீரப் பார்ப்பாள். மெலிந்திருக்கிறாளா, தூங்கினாளா, அழுதாளா. பூனை நிற்கும்வரைதான் அந்த முகம்.

அதனால் போன் அடித்தால் ஓடிவர அவனைப் பழக்கினாள். வந்தால் ஒரு பிஸ்கட். குண்டூசி கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான். ஆனால் போன் என்ன, மகளுக்கு மட்டுமா அடிக்கிறது? "பேன்ட் ரெடியா?" என்று வாடிக்கைக்காரர் அடித்தாலும் அவனுக்கு மூக்கு வேர்த்துவிடும். கொடுக்காவிட்டால் நம்பிக்கை போய்விடுமாம், அதற்கும் ஒன்று. அக்காவுக்குத் தொழில் நன்றாக நடந்தது. பூனை ஊதியது.

வருஷம் பிறந்த வாரம், வெட்டுமேசைக்குத் தாவிய குண்டூசி பாதியிலேயே தொப்பென்று விழுந்து மூச்சு வாங்கினான். அவனைக் கூடையில் போட்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு நான்தான் கால்நடை டாக்டரிடம் போனேன். தூக்கியதில் என் தோள்பட்டையே இறங்கிவிட்டது.

"யாரும்மா இவனுக்கு இவ்வளவு போடறது?" என்றாள் அந்த டாக்டரம்மா.

அக்கா கூரையைப் பார்த்தாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காத்திருந்தால் ஆகாது. நானே போன் கதையைப் போட்டு உடைத்தேன். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"இப்படியே போனா சர்க்கரை வரும், மூட்டு போயிடும். அடுத்த புது வருஷத்தை இவன் பாக்கறது சந்தேகம். காலையிலயும் சாயங்காலமும் அளந்து போடுங்க. பிஸ்கட் கூடவே கூடாது. ஓடவிட்டு விளையாட்டுக் காட்டுங்க. திடீர்னு பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, மெதுவா இளைக்கணும்."

மறுநாளே அக்காவின் அளவை எட்டிப் பார்த்தேன். கிண்ணம் நிறைய எடுத்தாள். மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"அது எதுக்குக்கா?"

"மடிப்புல கொஞ்சம் துணி விட்டாத்தானேடி பின்னாடி பிரிச்சு விட முடியும்?"

"இது வயிறு. இதைப் பிரிச்செல்லாம் தைக்க முடியாது."

பிஸ்கட் டப்பாவை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். திட்டுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவளையும் சொல்ல வேண்டும், ஒத்துக்கொண்ட வேலையில் குறை வைக்க மாட்டாள். எண்கள் அழிந்துபோன பழைய அளவு டேப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு காலையும் மாலையும் மிஷினைச் சுற்றி ஓடினாள். பின்னால் குண்டூசி. முதலில் புரண்டான், பிறகு நடந்தான், பிறகு பாய்ந்தான்.

இளைத்தான். போன் அடித்தால் வருவதையும் நிறுத்திவிட்டான். பிஸ்கட் இல்லாத மணிக்கு அவன் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

"எங்கம்மா அவன்?" என்று மகள் கேட்பாள்.

"தூங்கறான்."

"சரி, வச்சிடறேன்." மின்விசிறியும் நெற்றியும் மறைந்துவிடும்.

இப்படியே சில ஞாயிறுகள் போயின. ஒரு ஞாயிறு காலையில் அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுடி."

"அவனைக் கொல்லப் போறியா?"

"அவ முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா? குரல் வருது. குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இளைச்சிருக்காளான்னு குரல்ல தெரியுமா?" அவள் கண் கலங்கியது. "எனக்கு அவளைப் பாக்கணும்டி."

டப்பாவை இறக்கித் திறந்தேன். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவளோடு நானும் போனேன்.

போன் அடித்தது. குண்டூசி வெட்டுமேசைமேல் படுத்திருந்தான். விழுந்ததற்குப் பிறகு அன்று காலையில்தான் முதல்முறையாக ஒரே தாவில் அதில் ஏறியிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள், கைக்குள் இருந்ததைப் பார்த்தாள். போனின் கேமராவை எப்போதும்போல் வெளிப்பக்கம் காட்டிப் பிடித்தாள். மற்ற கையைத் திறக்கவே இல்லை.

"எங்கம்மா அவன்?"

"வரமாட்டான்டி. பிஸ்கட்டை நிறுத்திட்டேன். அவன் உடம்புக்கு ஆகாதாம். இத்தனை நாளும் அவன் உனக்காக வரல, பிஸ்கட்டுக்குத்தான் வந்தான்." ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அழைப்பு துண்டிக்கப்படுவதற்காகக் காத்திருப்பவள்போல் நின்றாள்.

துண்டிக்கப்படவில்லை. மின்விசிறி ஆடியது, திரை நிமிர்ந்தது, மகளின் முழு முகமும் வந்தது. இளைத்துத்தான் இருந்தாள்.

"தெரியும்மா. பிஸ்கட் நீட்டுற கை ஓரமா தெரியுமே."

"அப்புறம் எதுக்குடி எப்பவும் அவனையே கேட்டே?"

"நீ என்னைக்காவது உன் மூஞ்சியக் காட்டியிருக்கியா? எனக்குத் தெரிஞ்சது அந்தக் கை ஒண்ணுதான். அதைப் பாக்கத்தான் அவனைக் கூப்பிட்டேன்."

அக்காவுக்குக் கேமராவைத் திருப்பத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். மகள் திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"எப்பம்மா இவ்வளவு நரைச்சுது?" என்றாள்.

அக்கா மூடியிருந்த கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். விரல் பிரிந்ததும் பிஸ்கட் தூளாகத் தரையில் கொட்டியது. குண்டூசி குதித்து வந்து மோந்து பார்த்தான். அவனை இரண்டு பேருமே பார்க்கவில்லை.